தாலின் பழைய நகரம்: முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் எப்படிச் சுற்றலாம்?

ஜூன் மாதம் ஹெல்சின்கியிலிருந்து எஸ்தோனியாவின் தாலினுக்குக் கப்பலில் போகிறோம். சுமார் இரண்டு மணி நேரம்தான், அதனால் காலையில் போய் இரவே திரும்பத் திட்டம். பழைய நகரத்தை வழிகாட்டியோடு பார்க்க ஆசை. 1422ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இடம்பெற்ற டவுன் ஹால் சதுக்க மருந்துக்கடையைப் பார்க்காமல் அம்மா திரும்ப மாட்டார். சிக்கல் அவருடைய முழங்கால். தெருவெல்லாம் கருங்கல் பாவியது, தூம்பியா குன்றுக்கு ஏற்றம் வேறு.

டாக்சியில் மேலே அலெக்சாண்டர் நெவ்ஸ்கி தேவாலயம்வரை போய்விட்டு, அங்கிருந்து கீழ்நோக்கி மெதுவாக நடத்திக் கூட்டிவரும் வழிகாட்டிகள் உண்டா? இறங்குவதற்கு பிக் யால்க் சரிவு தேவலையா, லூஹிகே யால்க் படிகளா? செயின்ட் ஓலாஃப் கோபுரம் வேண்டவே வேண்டாம், அதில் ஏற எனக்கே மூச்சு வாங்கும். அப்புறம், கூட்டத்தோடு போவதா, தனி வழிகாட்டி வைப்பதா? வயதானவர்களை அழைத்துப் போனவர்கள் சொல்லுங்களேன்.