'பாங்க்ஸ் அட்வெஞ்சர்' விளையாட்டு: பாங்க் காற்றில் சுழல உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. 1990ல் அமெரிக்காவில் டர்போகிராஃபிக்ஸ்-16 என்ற டிவி கேம் கருவிக்கு வந்த 'பாங்க்ஸ் அட்வெஞ்சர்' விளையாட்டை இப்போது கணினியில் எமுலேட்டர் (பழைய கேம் கருவி போலவே இயங்கும் மென்பொருள்) வைத்து ஆடுகிறேன். நாயகன் பாங்க் ஓர் ஆதிமனிதச் சிறுவன், மொட்டைத் தலை, ஆயுதமே கிடையாது. டைனோசர்களைத் தலையால் முட்டியே சாய்க்கிறான். பாறையில் பல்லால் கடித்துக்கொண்டே ஏறுகிறான், கறித்துண்டு தின்றால் கோபம் தலைக்கேறி முகமே மாறிவிடுகிறது! என் ஏழு வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

சிக்கல் இதுதான். குதித்தபின் தாக்கும் பட்டனை அழுத்தினால் தலைகீழாகிறான், மறுபடி அழுத்தினால் நிமிர்கிறான். விடாமல் தட்டினால் சுழன்றுகொண்டே மெதுவாக இறங்க வேண்டும். எனக்கு அவ்வளவு வேகம் வரவில்லை, அகலமான பள்ளங்களில் விழுந்துகொண்டே இருக்கிறேன். அந்தக் கருவியோடு வந்த பழைய டர்போபேடில், பட்டனைப் பிடித்திருந்தாலே விடாமல் தட்டியது போல ஆக்கும் டர்போ சுவிட்ச் இருந்தது. என்னிடம் இருப்பதோ சாதாரண யுஎஸ்பி பேட்.

எமுலேட்டரில் குதிக்கும் பட்டனை விட்டுவிட்டு, தாக்கும் பட்டனுக்கு மட்டும் டர்போ வைப்பது எப்படி? எந்த வேகம் சரியாக வரும்? அப்புறம், டர்போ இல்லாமலே தட்டிப் பழகியவர்கள் இருந்தால் கட்டைவிரலா, ஆள்காட்டி விரலா என்று சொல்லுங்கள். கடைசியில் வரும் வில்லன் கிங் ட்ரூலை மகளுக்குக் காட்டியே தீர வேண்டும்.