பழுக்கும் இலையிலிருந்து மரம் எடுத்துக்கொள்ளும் நைதரசன்: என்ன சொல்?

வணக்கம்.

ஆங்கிலத்தில் resorption எனப்படும் இதற்கு "மீளகத்துறிஞ்சல்" உயர்தர உயிரியல் நூலிலேயே இருக்கிறது, அதுவே போதும் என்று ஐயா எழுதியிருந்தார்கள். இருக்கிறதுதான், ஆனால் அது சிறுநீரகத்தின் சொல். வடிந்து இறங்கிய குளுக்கோசைச் சிறுகுழாயின் சுவர் மறுபடி உறிஞ்சுகிறது. இலையில் எதுவும் வடியவில்லை. பகல் குறுகிக் குளிர் தொடங்கியதும் மேப்பிள், பீச் (beech) போன்ற குளிர்நாட்டு மரங்கள் இலைப் புரதத்தை உடைத்து, அமினோ அமிலமாக்கி, உணவைக் கடத்தும் உரியம் வழியே கிளைக்கும் தண்டுக்கும் வேருக்கும் அனுப்பிவிடுகின்றன. காம்படி அறுவது பிறகுதான். அதற்குள் இலையின் நைதரசனில் ஏறத்தாழப் பாதி மரத்துக்குள் போயிருக்கும். அடுத்த வசந்தத்தின் துளிருக்கு அது கைமுதல்.

நான் மொழிபெயர்ப்பது அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரின் ஹபார்ட் புரூக் காட்டைப் பற்றிய பகுதி. 1963 முதல் அங்கே மழையிலும் ஓடையிலும் வந்துபோகும் சத்துகளை அளந்து வருகிறார்கள். அந்தக் கணக்கில் வேர் மண்ணிலிருந்து எடுப்பது ஒரு வரவு, மரம் தன் இலையிலிருந்து எடுப்பது வேறு வரவு. இரண்டையும் "உறிஞ்சல்" ஆக்கினால் மாணவர் எதை எங்கே கூட்டுவார்?

"உள்வாங்கல்" அழகுதான். ஆனால் திருகோணமலையில் உள்வாங்குவது கடல். 2004க்குப் பிறகு அந்தச் சொல் காதுக்கு இதமாக இல்லை.

என் முன்மொழிவு "மீட்பு". கொடுத்ததைத் திரும்பப் பெறுவது. தம்பலகாமத்தில் என் பாட்டனார் வயலுக்குக் குழை தாழ்ப்பதென்றால் பூவரசைப் பச்சையாகத்தான் வெட்டுவார். மரத்தடியில் கிடக்கும் பழுப்பைக் காலால் ஒதுக்கிவிடுவார். பசளைக்கு உதவாது என்பது அவர் கட்சி. மீட்பு முடிந்த இலை அது. ஆல்டர் மரமோ வேர் முண்டுகளில் காற்றின் நைதரசனைப் பதிப்பதால் இலையைப் பச்சையாகவே உதிர்த்துவிடும். கையில் காசு புரள்பவன் சில்லறைக் கடனை மீட்க அலைவானா?

—

தம்பி,

குழைக் கதையில் தோற்றுவிட்டேன். சிறுநீரகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் வெறும் "மீட்பு" என்றால் வெள்ளத்துக்குப் படகு வருகிறது என்று நினைப்பார்கள். தேவாலயத்தில் அதற்கு இன்னொரு பொருள். முதல் முறை வரும்போது "உதிர்முன் மீட்பு" என்று எழுதுங்கள். காலமும் தெரியும், இலை என்பதும் தெரியும். வினை சிக்கலில்லை: "மரம் நைதரசனை மீட்கிறது." விகிதம் வந்தால் "மீட்பு வீதம்".

சருகைச் சிதைக்கும் நுண்ணங்கிகள் மண்ணின் நைதரசனைத் தம் உடலுக்குள் பிடித்து வைப்பதற்கு "நிலைப்படுத்தல்" என்று போட்டிருக்கிறீர்கள். காற்றின் நைதரசனைப் பதித்தலையும் சிலர் அப்படித்தான் சொல்வார்கள்; மோதும். "முடக்கம்" என்றால் என்ன?