பனிமேல் ஓடும் ராலிக்குத் தமிழில் என்ன பெயர்? ‘பனிக் கார்ப் பேரணி’ குறித்து ஒரு மறுப்பு

அன்பார்ந்த குழுமத்தாருக்கு வணக்கம்.

விளையாட்டுக் கலைச்சொற் பட்டியலில், பனிமேல் ஓடும் ராலி என்ற கார்ப் போட்டிக்கு இடப்பட்ட ‘பனிக் கார்ப் பேரணி’ என்ற சொல்லை ஏற்க இயலாது என்று சென்ற வாரம் ஒரே வரியில் எழுதியிருந்தேன். காரணம் என்ன என்று அம்மையார் ஒருவர் நியாயமாகவே கேட்டிருக்கிறார். கிளிநொச்சியில் மோட்டார் திருத்துநர் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் விடையைச் சற்று விரித்தே எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் பேரணி என்றால் பதாகை ஏந்தி ஏ9 வீதியில் நடப்பது. அதற்கு முன்னால் ‘கார்’ என்ற சொல்லைச் சேர்த்தால், தேர்தல் காலத்தில் கொடி கட்டிக்கொண்டு வரிசையாகப் போகும் வாகனங்களே கண்முன் வரும். பெயரிட்டவர் ‘ராலி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி தரும் முதற் பொருளை எடுத்து வைத்துவிட்டார் போலும். அவர் பக்கமும் ஒரு நியாயம் இல்லாமலில்லை. 1911இல் மொன்டே கார்லோ ராலி தொடங்கியபோது சாரதிகள் ஐரோப்பாவின் வெவ்வேறு நகரங்களிலிருந்து புறப்பட்டு மொனாக்கோவில் வந்து கூடினார்கள். ஒன்றுகூடுதல் என்ற பொருளாலேயே அதற்கு ‘ராலி’ என்ற பெயர். இன்றைய போட்டியில் அந்தக் கூடல் இல்லை. அந்த மொழிக்காரருக்கே மறந்துபோன தொப்புள்கொடியை நாம் எதற்காகச் சுமக்க வேண்டும்?

‘கார்ப்பந்தயம்’ என்பதும் பொருந்தாது. பந்தயத்தில் வண்டிகள் ஒன்றையொன்று முந்தும். ராலியிலோ ஒவ்வொரு காரும் சில நிமிட இடைவெளியில் தனித்தனியே புறப்பட்டு, போட்டிக்காக மூடப்பட்ட வீதித் துண்டை எவ்வளவு விரைவாகக் கடக்கிறது என்பதைச் செக்கனின் பத்தில் ஒரு பங்கு வரை அளந்து, எல்லாத் துண்டுகளினதும் நேரத்தைக் கூட்டி வெற்றியைத் தீர்மானிக்கிறார்கள். ஒரு துண்டு முடிந்து அடுத்த துண்டுக்குப் போகும் வழியில் அதே கார் மற்ற வாகனங்களோடு, வேகக் கட்டுப்பாட்டுக்கு அடங்கி ஊர்ந்து செல்ல வேண்டும். நேரம் அளக்கப்படும் அந்த மூடிய துண்டை ‘நேரக் கட்டம்’ எனலாம். அங்கே வருகை நேரம் பதியும் இடத்துக்கு ஒருவர் ‘நேரச் சாவடி’ என்று எழுதியிருந்தார். சொல் பிழையானதன்று. ஆயினும் வன்னியில் சாவடி என்ற சொல்லைக் கேட்டவுடன் நினைவுக்கு வருவது சோதனைச் சாவடி. ‘நேரத் தரிப்பிடம்’ என்று வைப்போம்.

அடுத்தது பனி. மார்கழி விடியலில் நெற்றாளின் நுனியில் நிற்பதும் எங்களுக்குப் பனிதான். கொக்காவிலுக்கும் முறிகண்டிக்கும் இடையில் முகப்பு விளக்கின் வெளிச்சத்தை விழுங்குவதும் பனிதான். ஆகவே வானத்திலிருந்து கொட்டுவதற்கு ‘வெண்பனி’ என்றும், வீதியில் கண்ணாடிபோல் இறுகுவதற்குப் ‘பனிக்கட்டி’ என்றும் பிரித்தே ஆள வேண்டும். இது வெறும் சொல்நுணுக்கம் அன்று. ரயரின் வடிவமே இந்த வேறுபாட்டில் தங்கியிருக்கிறது. சுவீடன் ராலியில் ஓடும் கார்களின் ரயர்கள் மிகவும் ஒடுங்கியவை. ஒவ்வொன்றிலும் முந்நூற்றுக்கு மேற்பட்ட உலோக ஆணிகள் பதிக்கப்பட்டிருக்கும். மேலே கிடக்கும் தளர்ந்த வெண்பனியை ஒடுங்கிய ரயர் கிழித்துக்கொண்டு இறங்க, அடியிலுள்ள பனிக்கட்டியை ஆணி கௌவும். இதை என் மாணவர்களுக்கு விளக்க அதிக நேரம் செல்லவில்லை. மாரியில் கிறவல் வீதி குழம்பிக் கிடக்கும்போது இரும்புப் பட்டை போட்ட மாட்டுவண்டிச் சில்லு சேற்றை வெட்டிக்கொண்டு அடித்தரையில் ஊன்றிப் போவதையும், அகன்ற ரயர் போட்ட வாகனம் மேலேயே வழுக்கித் திரிவதையும் அவர்கள் கண்டிருக்கிறார்கள். நோர்வேயிலுள்ள மருமகன் தன் காரின் குளிர்கால ரயரைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அதில் ஆணியின் தலை அரிசிமணி அளவுகூட வெளியே தெரியவில்லை. போட்டி ரயரிலோ அது முள்ளாகவே துருத்தி நிற்கும். ‘ஆணி ரயர்’ என்பதே போதும்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் இனித்தான் வருகிறது. பனி வழிக்கும் இயந்திரம் வீதியின் இரு மருங்கிலும் ஒதுக்கிவிடும் பனி உயர்ந்து இறுகி நிற்கும். தேர்ந்த சாரதி வளைவில் காரின் பின்பக்கத்தை வேண்டுமென்றே அதில் சாய்த்து, அந்த உரசலைத் துணையாகக்கொண்டு திரும்புவார். சாய்வு சற்றுக் கூடி முன்மூக்கு அதற்குள் புகுந்துவிட்டாலோ, கார் அப்படியே புதைந்து நிற்க, உள்ளிருந்த இருவரும் இறங்கிப் பனியை வாரி எறிய வேண்டியதுதான். பட்டியலில் இதற்குப் ‘பனிக்கரை’ என்று இருக்கிறது. கரை குளத்துக்கும் கடலுக்கும் உரியது. வயலில் மண்ணை வெட்டி ஓரத்தில் ஏற்றி வைப்பதற்கு நம்மிடம் வரம்பு இருக்கும்போது வேறு சொல் ஏன்? ‘பனிவரம்பு’ என்று சொன்ன மாத்திரத்தில் வகுப்பில் ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை.

சாரதிக்கு அருகில் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு வளைவுகளை முன்கூட்டியே வாசிப்பவரை ‘இணைச்சாரதி’ என்பதும் சரியன்று. அவர் அங்கே வண்டி ஓட்டுவதில்லை. முல்லைத்தீவு பஸ்ஸின் நடத்துநர் மிதிபலகையில் தொங்கியபடி, உள்ளங்கையால் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, “வரட்டும், வரட்டும், வலத்தாலை ஒடி” என்கிறாரே, அந்த வேலைக்கு நெருங்கியதுதான் இது. ‘வழிசொல்லி’ என்றும், அவர் வாசிப்பதை ‘வழிக்குறிப்பு’ என்றும் முன்மொழிகிறேன்.

இனி முதற் சொல். வன்னியில் வண்டியும் வேகமும் போட்டியும் சேர்ந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு சொல் உயிரோடு இருக்கிறது: மாட்டுவண்டிப் போட்டியைக் குறிக்கும் சவாரி. சவாரி மாடு, சவாரி வண்டி, சவாரித் திடல், சவாரிக்காரர் என்று அதற்குக் குடும்பமே உண்டு. திடலில் ஓடும் சவாரியிலிருந்து பிரித்தறிய, நெடுஞ்சாலை போல ‘நெடுஞ்சவாரி’ என்று ஆக்கினால், பனிமேல் ஓடுவது ‘வெண்பனி நெடுஞ்சவாரி’ ஆகும். ஆனால் இது போட்டியின் வகைக்குப் பெயரே தவிர, சுவீடனில் நடப்பதன் பெயரன்று. அங்கே 1950இல் தொடங்கிய அந்த ராலி முதலில் கோடையில் ஓடியது. 1965இல்தான் குளிர்காலத்துக்கு மாறியது. பனி போதாமல் 1990இல் கைவிடப்பட்டது. 2020இல் அதே காரணத்தால் சுருக்கப்பட்டது. 2022இல் வடக்கே ஊமியோ நகருக்கு இடம்பெயர்ந்தது. எனவே அதனைச் ‘சுவீடன் நெடுஞ்சவாரி’ என்றே எழுதுவோம். பனி வந்தாலும் வராவிட்டாலும் பெயர் பொய்க்காது.

கிளிநொச்சியிலிருந்து,
அன்புடன்.

மறுமொழி, வவுனியாவிலிருந்து:

ஐயா, வரம்பையும் வழிசொல்லியையும் இரு கை கூப்பி ஏற்கிறேன். ஆனால் சவாரி பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்த சொல். ஒரு பிறமொழிச் சொல்லை விலக்க இன்னொன்றை அழைப்பது எதற்கு? ‘நெடுவோட்டம்’ என்றால் தூய தமிழ். மேலும், இந்தியத் தமிழருக்குச் சவாரி என்றால் ஓட்டோவில் போகும் வாடகைப் பயணம் அல்லவா?

மறுமொழி, கிளிநொச்சியிலிருந்து:

ஐயா, நெடுவோட்டம் என்றதும் எங்கள் பிள்ளைகள் மரதனுக்குச் சப்பாத்துத் தேடுவார்கள். சவாரியின் பிறப்பு எனக்கும் தெரியும். இங்கே அது தலைமுறைகளாகக் குடியிருந்துவிட்டது. இந்தியத் தமிழர் பற்றிய மறுப்புக்கு மட்டும் என்னிடம் முழு விடை இல்லை; ‘நெடும்’ என்ற முன்னொட்டு ஓரளவு காக்கும் என்று நம்புகிறேன். பேக்கரிக்கு இட்ட வெதுப்பகம் என்ற சொல்லையும் ஒரு காலத்தில் சிரித்தவர்கள் உண்டு. இன்று பாண் வாங்கப் போகும் கடையின் பலகையில் அது நிற்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நேற்று வகுப்பில் புதுச்சொல்லைக் கரும்பலகையில் எழுதியதும், பின்வரிசையிலிருந்து ஒரு பையன், “நெடுஞ்சவாரி எண்டால் மாடு எங்கை, சேர்?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. பாடம் முடியும்போது, சில்லைக் கழற்றிக்கொண்டே, “சேர், சுவீடன் சவாரியிலை வெறும் ரயரிலை ஓடினால் என்ன?” என்று அவனே கேட்டான். ‘நெடும்’ உதிர்ந்துவிட்டது, சவாரி ஒட்டிக்கொண்டது. ஆகவே பட்டியலில் இரண்டையும் அருகருகே இட்டு அனுப்புகிறேன். நேரக் கட்டத்துக்கு யாரிடமாவது இதைவிடச் சிறிய சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன் எழுதுங்கள்.