ஸ்கொட்லாந்துச் சிற்றூரின் கடிதங்களைப் பேணுவது எப்படி?

கேள்வி (வெள்ளவத்தை):
1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் பிறப்பிடமான, ஸ்கொட்லாந்தின் ஆக்கன்பிளே பகுதியிலிருந்து, என் பாட்டனார் கணக்கெழுதிய தோட்டத்துத் துரைக்கு வந்த கடிதங்கள், துருப்பிடித்த குண்டூசியால் கோத்தபடி என்னிடம் உள்ளன. அவ்வூர் வரலாற்றுக்கு உதவும் வகையில் இவற்றை எவ்வாறு பேணலாம்?

பதில் 1:
ஐயா, லமினேற் செய்துவிடாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது. கொழும்பின் ஈரக்காற்றில் துரு தாளைத் தின்றுவிடும் என்பதால், ஊசிகளைக் கழற்றி, அமிலமற்ற உறைகளில் இட்டு, இருபுறமும் ஸ்கான் செய்யுங்கள். கடிதங்கள் வந்த பழைய உறைகளையும் எறியாதீர்கள், அஞ்சல் முத்திரையில் ஊரும் திகதியும் இருக்கும்.

பதில் 2:
ஸ்கொட்லாந்தில் பிறப்பு, இறப்புப் பதிவு 1855இல் கட்டாயமானது. கடிதங்களில் வரும், அதற்கு முந்திய பெயர்களைத் தேவாலயப் பதிவேடுகளோடு ஒப்பிட வேண்டும். ஜோன் சின்கிளேர் 1790களில் பங்குக் குருமாரைக் கொண்டு தொகுத்த ஊர் விவரணங்களும் உதவும்.

கேட்டவர்:
நன்றி. ஓர் ஊசி மட்டும் முறிந்து, கையொப்பத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பதில் 1:
அதை இழுக்க வேண்டாம், ஐயா. தாள்களைச் செப்பனிடுபவரிடமே கொடுங்கள்.