புதுப்பிப்பு: பென் வென்ற பிரிட்டனும் என் கற்பனைக் கட்சியும்

1981இல் பிரிட்டனின் தொழிற்கட்சித் துணைத்தலைவர் தேர்தலில் மிதவாதி டெனிஸ் ஹீலிக்குப் பதிலாக இடதுசாரி டோனி பென் வென்றிருந்தால் எந்தப் புதுக்கட்சி பிறந்திருக்கும் என்று கற்பனை வரலாறாக முன்பு எழுதியிருந்தேன். உண்மையில் ஹீலி ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தப்பினார்.

இப்போது அந்தக் கதையில் 1983 பொதுத்தேர்தலுக்கு வந்துவிட்டேன். அங்கேதான் சிக்கல். உண்மை வரலாற்றில் லிபரல் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்த கூட்டணி 25.4 சதவீத வாக்கு வாங்கியும் பெற்றது 23 இடங்களே, 27.6 சதவீதம் பெற்ற தொழிற்கட்சிக்கோ 209! நாடெங்கும் சீராகப் பரவிய வாக்குக்கு, தொகுதிதோறும் அதிக வாக்கு பெற்றவரே வெல்லும் அந்தத் தேர்தல் முறையில் மதிப்பில்லை. ஆகவே, தொழிற்கட்சியிலிருந்து ஹீலியோடு வெளியேறுவோரின் என் கற்பனைக் கட்சியின் வாக்குகளை அவருடைய லீட்ஸ் நகரைச் சுற்றிய யார்க்‌ஷயரில் குவித்திருக்கிறேன். சுரங்கத் தொழிலாளர் சங்கத்தை எப்படி இழுப்பது? அதன் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் கற்பனையில்கூட வளைந்துகொடுக்க மறுக்கிறார்.

பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்துப் போரைக் கதையிலிருந்து நீக்கச் சொன்னவர்களுக்கு: அது இருக்கும். அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சியாளர்கள் பென்னைக் கேட்டுக்கொண்டா படையெடுத்தார்கள்?