கியூஜிஐஎஸ் கற்கத் தொடங்கின கதை: வடசென்னைக்காரர்கள் சொல்லுங்க

தண்டையார்பேட்டையிலிருந்து, கட்டட டிராஃப்ட்ஸ்மேன்:

நான் ஆட்டோகேடிலேயே காலம் தள்ளியவன். கோடு போடுவது பழக்கம்தான், ஆனால் அந்தக் கோடு பூமியில் எந்த இடத்தில் நிற்கிறது என்ற கவலை அங்கே வந்ததே இல்லை. கியூஜிஐஎஸ் என்பது கணினியில் நிலவரைபடம் தயாரிக்கிற இலவச மென்பொருள், அதைத் திறந்தால் எடுத்த எடுப்பில் அதுதான் கேள்வி. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

முதலில் இலவசம் பற்றி. முப்பது நாள் ஓடிவிட்டுப் பூட்டிக்கொள்ளும் ரகம் இல்லை. 2002இல் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கியது, யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது, மூலநிரலே திறந்து கிடக்கிறது. பழைய பெயர் குவாண்டம் ஜிஐஎஸ். 2013இல் 2.0 வந்தபோது பெயரைச் சுருக்கிக்கொண்டார்கள். 2018இல் 3.0 வந்தபோது மெனுக்கள் நிறைய இடம் மாறின. அதனால் யூடியூபில் கற்றுக்கொள்கிறவர்கள் 2018க்கு முந்தைய வீடியோவைத் தொடாதீர்கள். அவர் சொல்லும் பொத்தான் உங்கள் திரையில் இருக்காது, கம்ப்யூட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

விண்டோஸுக்கான கோப்பு 1 ஜிபிக்கு மேல் இருக்கும், 64 பிட் கணினி வேண்டும். தரவிறக்கப் பக்கத்தில் புத்தம்புதிய பதிப்பு ஒன்றும், அடிக்கடி மாறாத நீண்டகாலப் பதிப்பு என்று ஒன்றும் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை எடுங்கள்.

திறந்ததும் வெள்ளைத் திரை. இங்கேதான் பாதிப் பேர் மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். இடப்பக்கம் பிரவுசர் என்ற பட்டியலில் எக்ஸ்ஒய்இசட் டைல்ஸ் என்று ஒரு வரி இருக்கும். அதை விரித்து ஓபன்ஸ்ட்ரீட்மேப் மேல் இரண்டு தட்டுத் தட்டினால் உலகம் வந்துவிடும். அப்புறம் மவுஸ் சக்கரத்தை உருட்டி உங்கள் தெருவுக்கு வாருங்கள்.

பயிற்சிக்குப் பிரேசில், அலாஸ்கா தரவெல்லாம் கொடுப்பார்கள். எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. எங்கள் பக்கம் தெருமுனையில் நிற்கிற கறுப்பு சின்டெக்ஸ் தொட்டிகளையும், இன்னும் தண்ணீர் வருகிற அடிபம்புகளையும் போனில் பாயின்ட் எடுத்துக்கொண்டு வந்தேன். எக்செலில் நாலு பத்தி: பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, தண்ணீர் வரும் நேரம். சேமிக்கும்போது சாதாரண சிஎஸ்வி (வெறும் எழுத்தாக இருக்கும் அட்டவணைக் கோப்பு) வேண்டாம், சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தமிழில் அடித்ததெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். கியூஜிஐஎஸில் ஆட் டெலிமிடெட் டெக்ஸ்ட் லேயர் வழியாக, மேப்மேல் ஒரு லேயராக, அதாவது அடுக்காக, உள்ளே கொண்டுவரலாம். அங்கே எக்ஸ் என்றால் தீர்க்கரேகை, ஒய் என்றால் அட்சரேகை. போனில் அட்சரேகைதான் முன்னால் வரும் என்பதால் மாற்றிக் கொடுப்பவர்கள் அதிகம். 13, 80 என்று மாறிப்போனால் தண்டையார்பேட்டை ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் மிதக்கும்.

இப்போது நான் சொல்லவந்த முக்கியமான விஷயம். ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் 100 மீட்டருக்குள் எந்தெந்த வீடு வருகிறது என்று பார்க்க பஃபர், அதாவது தொட்டியைச் சுற்றி அந்தத் தூரத்துக்கு ஒரு வட்டம், போட வேண்டும். ஆனால் போனில் எடுத்த பாயின்ட் எல்லாம் டிகிரியில், அதாவது இபிஎஸ்ஜி 4326 என்ற எண் கொண்ட ஆய முறையில் இருக்கும். அங்கே 100 என்று கொடுத்தால் 100 டிகிரி என்று எடுத்துக்கொண்டு பாதி உலகத்தை மூடிவிடும். மீட்டருக்கு மாற்ற வேண்டும். சென்னைக்கு மீட்டரில் அளக்கிற ஆய முறை யூடிஎம் 44 வடக்கு, எண் 32644.

மாற்றுவதில்தான் பொறி. லேயர் மேல் ரைட் கிளிக் செய்தால் செட் லேயர் சிஆர்எஸ் என்று ஒன்று வரும், சிஆர்எஸ் என்றால் ஆய முறை. பார்த்தால் மாற்றித் தருகிற பொத்தான் என்றுதான் தோன்றும். அது எதையும் மாற்றாது. டப்பாமேல் ஒட்டிய சீட்டைக் கிழித்து வேறு சீட்டு ஒட்டும், உள்ளே இருக்கிற சரக்கு அதேதான். 80.28 டிகிரி என்பதை 80.28 மீட்டர் என்று படிக்கும். விளைவு? உங்கள் தொட்டிகள் மொத்தமும் கன்னியாகுமரிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. தெற்கே, பூமத்திய ரேகையில் ஒரே புள்ளியாகக் குவியும். செய்ய வேண்டியது ரீபுரொஜெக்ட் லேயர். பிராசசிங் டூல்பாக்ஸில் இருக்கிறது. அதன் பிறகு ஒரு பாயின்டைத் தொட்டுப் பாருங்கள். எக்ஸ் சுமார் 4 லட்சத்து 22 ஆயிரம், ஒய் சுமார் 14 லட்சத்து 50 ஆயிரம் என்று வந்தால் நீங்கள் தண்டையார்பேட்டையில்தான் இருக்கிறீர்கள். பஃபர் போடலாம்.

சேமிக்க ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவம் வேண்டாம், ஜியோபேக்கேஜ் வடிவம் போதும். ஷேப்ஃபைலில் பத்தியின் பெயருக்கு 10 எழுத்துதான் இடம். தவிர அது ஒரே கோப்பு இல்லை, நாலைந்து கோப்புகளின் கூட்டம். டாட் எஸ்ஹெச்பி மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, திறக்கவில்லையா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

காசிமேட்டிலிருந்து:

அண்ணன் சொன்னதோடு கடல் சமாச்சாரம் ஒன்று சேர்க்கிறேன். எங்கள் நைனா விசைப்படகு ஓட்டுகிறவர். மீன் கிடைக்கிற பார் (கடலடிப் பாறைத் திட்டு), வலை மாட்டுகிற இடம் எல்லாவற்றுக்கும் ஜிபிஎஸ்ஸில் மார்க் எடுத்து, ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். உப்பும் டீசலும் பட்டுப் பட்டு ஓரமெல்லாம் பொடிந்துவிட்டது. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகு கரையில் கிடக்கிற அந்தச் சமயத்தில் நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றலாம் என்று உட்கார்ந்தேன்.

நைனா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "எவன் கண்ணுலயும் படக் கூடாது." ஆன்லைன் மேப் எதிலும் ஏற்ற மனசில்லை. ஒரு மார்க் வெளியே போனால் அடுத்த வாரம் அங்கே பத்து விசைப்படகு நிற்கும். கியூஜிஐஎஸ் நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே வேலை செய்கிறது, கோப்பு நம்மிடமே இருக்கிறது. பின்னணி மேப்புக்கு மட்டும்தான் நெட் வேண்டும், அதையும் அணைத்துவிட்டு வேலை பார்க்கலாம். எனக்கு அந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

படகு ஜிபிஎஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: எங்கள் மெஷின் டிகிரியும் நிமிஷமும் காட்டும். 13 டிகிரி 07.500 என்றால் 13.075 இல்லை. 7.5ஐ 60ஆல் வகுத்து 13உடன் கூட்ட வேண்டும், 13.125. கிழக்கே 80 டிகிரி 17.800 என்றால் 80.2967. இது துறைமுகத்து மார்க். வகுக்காமல் அப்படியே புள்ளி வைத்து 13.075, 80.178 என்று அடித்தால் காசிமேடு துறைமுகம் கோயம்பேட்டைத் தாண்டி நெற்குன்றம் பக்கம் போய்விடும். மீனை அங்கேதான் ஏலம் விட வேண்டும். எக்செலில் டிகிரிக்கு ஒரு பத்தி, நிமிஷத்துக்கு ஒரு பத்தி, மூன்றாவதில் சூத்திரம். முடிந்தது.

ஆழத்தைப் பாகம் என்ற கடல் ஆழ அளவில் தனிப் பத்தியாகப் போட்டு, அதை வைத்து நிறம் கொடுத்தேன். நைனா திரையைப் பார்த்துவிட்டு, ரெண்டு மார்க் ஒரே பார்தான் போலிருக்கே என்றார். நோட்டில் அவை வேறு வேறு பக்கத்தில், வேறு வேறு பெயரில் இருந்தன. ஆனால் இதை வைத்துப் படகு ஓட்டாதீர்கள், அதற்குக் கடல்சார் வரைபடம் தனி.

வியாசர்பாடியிலிருந்து, தன்னார்வலர்:

மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதை மூடினால் எங்கள் நிலைமை தெரியும். எங்கே தண்ணீர் நிற்கிறது என்று வரைய ஆசைப்பட்டுக் கியூஜிஐஎஸ் பக்கம் வந்தோம். எஸ்ஆர்டிஎம் என்ற உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. போட்டு நிறம் கொடுத்தவுடன் நீலம், பச்சை, மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும் படம் வருகிறது. அதைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

அது 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் வைத்து அளந்தது. ஒரு கட்டம் 30 மீட்டர். வியாசர்பாடியில் ஒரு கட்டத்துக்குள் இரண்டு தெரு, நடுவில் வீடு, மரம் எல்லாம் அடங்கிவிடும். ரேடார் கண்ட உயரத்தில் கட்டடமும் மரமும் சேர்ந்துதான் இருக்கும். நம் பகுதியே கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேதான் கிடக்கிறது, அதன் பிழையே அதைவிடப் பெரிது. மலைக்குச் சரி, நம் தெருவுக்கு உதவாது.

வேறு வழியில் போனோம். வீடு வீடாகக் கேட்டோம். பத்தியில் மீட்டர் போடவில்லை. கணுக்கால், முழங்கால், இடுப்பு, இவ்வளவுதான். எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது, சில சுவர்களில் கறையும் இருந்தது. ஒரு பாட்டி கிரைண்டரைக் காட்டி, இது முழுகிச்சுப்பா என்றார், அதையும் இடுப்புக் கணக்கில் சேர்த்தோம். கேட்டகரைஸ்ட் முறையில் வகைக்கு ஒரு நிறம் கொடுத்ததும் இடுப்புப் புள்ளிகள் கேப்டன் காட்டன் கால்வாய் ஓரமாக வரிசை கட்டின. உயரத் தரவு இதைச் சொல்லவே இல்லை. 2015 வெள்ளத்தில் தண்ணீர் நின்ற தெருக்களைப் பொதுமக்களே ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்துக் குறித்தார்களே, அதே வழிதான். களத்தில் குறிக்க கியூஃபீல்டு என்ற செயலி இருக்கிறது, போனில் எடுத்தது அப்படியே கியூஜிஐஎஸ் திட்டத்துக்குள் வரும்.

ராயபுரத்திலிருந்து, பள்ளி ஆசிரியர்:

சுருக்கமாக. பழைய மதராஸ் வரைபடத்தின் ஸ்கேன் கையில் இருந்தால் கியூஜிஐஎஸின் ஜியோரெஃபரன்ஸர் கருவியில் போட்டு இன்றைய மேப்மேல் உட்கார வைக்கலாம். இரண்டு மேப்பிலும் ஒன்றாக இருக்கிற குறைந்தது மூன்று புள்ளி வேண்டும், நான் நாலு மூலைக்கும் பரப்பி இன்னும் கூடுதலாகவே வைப்பேன். 1856இல் திறந்த நம் ராயபுரம் ரயில் நிலையம், கோட்டை மதில் மூலை மாதிரி நகராத இடங்களை எடுங்கள். கடற்கரையை மட்டும் புள்ளியாக வைக்காதீர்கள். துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே நம் பக்கம் கடல் அரித்தது. பழைய கரையும் புதிய கரையும் பொருந்தவே பொருந்தாது. என் மாணவர்களுக்கு அந்தப் பொருந்தாத இடைவெளியைத்தான் அளக்கக் கொடுத்தேன்.

தண்டையார்பேட்டை டிராஃப்ட்ஸ்மேன் மறுபடி:

சார், அளப்பதற்கு முன்னால் புராஜெக்டை 32644க்கு மாற்றிவிட்டீர்களா? வலைத்தள மேப் போட்டால் புராஜெக்ட் தானாக 3857 என்ற வலைத்தள மேப்களின் ஆய முறைக்குப் போய்விடும். பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கிற எலிப்சாய்டு அமைப்பு சரியாக இருந்தால் மெஷர் கருவியும், பரப்பைச் சொல்லும் டாலர் ஏரியா சூத்திரமும் சரியாகவே சொல்லும். ஆனால் 3857இல், பூமியைத் தட்டைத் தாளாக எடுத்துக்கொள்ளும் கார்ட்டீசியன் கணக்கில் அளந்தால், நம் அட்சரேகையில் பரப்பு சுமார் 5 சதவீதம் கூடுதலாக வரும். பசங்களிடம் விடைத்தாளைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.