ஃபண்டோப்ளிகேஷனுக்குப் பிறகு சாப்பாடு நெஞ்சில் நிற்கிறது

கேள்வி: இரைப்பை அமிலம் மேலே ஏறாமல் தடுக்கும் ஃபண்டோப்ளிகேஷன் ஆபரேஷன் முடிந்து இரண்டாவது வாரம். மசித்த உணவுகூட நெஞ்சில் நிற்கிறது. சரியாகுமா?

பதில் 1: இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடியில் சுற்றித் தைத்திருக்கிறார்கள். அங்கே வீக்கம் இருப்பதால் வழி குறுகல். பெரும்பாலும் 6 முதல் 8 வாரத்தில் வடிந்துவிடும். அதுவரை கூழாக அரைத்தது, ஒரு வாய்க்கு ஒரு டீஸ்பூன், நாளுக்கு 6 வேளை. முக்கியமாக ரொட்டி வேண்டாம், ஈரத்தில் உருண்டையாகி அடைத்துக்கொள்ளும்.

பதில் 2: அடைத்தால் தண்ணீர் ஊற்றித் தள்ளாதீர்கள், நிறுத்திவிட்டு எழுந்து நடங்கள். சோடா, ஸ்ட்ரா தவிருங்கள். ஏப்பம் எளிதில் வராது, வயிறு உப்பும். குமட்டினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், ஓங்கரித்தால் தையல் தளரலாம்.

பதில் 3: எச்சிலைக்கூட விழுங்க முடியாவிட்டாலோ, காய்ச்சலோ கடும் நெஞ்சுவலியோ வந்தாலோ காத்திருக்காதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரையைப் பொடிக்கும் முன் மருந்தாளரிடம் கேளுங்கள். மெதுவாகக் கரையும் வகையைப் பொடிக்கவே கூடாது.